பக்கத்து மனைப் படகு

என்னை "அஜ்ஜி" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். கடைசி ஆளும் அவராகவே இருக்கட்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் விளிம்பு உடைந்த பக்கெட்டு. "அஜ்ஜி, ஒந்து பக்கெட் நீரு கொடுங்க" என்றார். பாதி கன்னடம், பாதி தமிழ். அஜ்ஜி என்றால் பாட்டி என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்.

"யாருக்கு யாரு அஜ்ஜி? உன் தலைய கண்ணாடில பாத்தியா? எனக்கு இருக்கிற கறுப்பு முடிகூட உனக்குக் கெடையாது. தண்ணி வேணும்னா அக்கான்னு கேளு. இல்லன்னா டேங்கர் வரும், போய்ப் புடிச்சுக்கோ."

அவர் தன் வழுக்கைத் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். "சரிக்கா" என்றார். அதற்கப்புறம் கடைசி நாள் வரைக்கும் அக்காதான். பெயரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தர். பெயர் எதற்கு?

ஓசூருக்கு வெளியே, தளிக்குப் போகிற சாலையில், வயலை மனை மனையாகப் பிரித்துப் போட்ட இடத்தில் என் மகன் வீடு கட்டியிருக்கிறான். விடிந்ததும் அவனுக்கு ஒரு கம்பெனி பஸ் வரும், மருமகளுக்கு ஒரு கம்பெனி பஸ் வரும். இரண்டும் போனதும் தெருவே காலியாகிவிடும். நான் போச்சம்பள்ளிப் பக்கத்து ஆள். வரப்பில் நின்று இருபது பேரை வைத்து வேலை வாங்கினவள். அடுத்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து கதை பேசுகிற வழக்கம் எனக்கு அங்கேயும் இருந்ததில்லை. இங்கே வந்து புதிதாக ஆரம்பிக்கவும் மனசு ஒப்பவில்லை. அதனால் என்ன ஆகும் என்றால், சாயந்திரம் மருமகள் வந்து "சாப்டீங்களா அத்தே" என்று கேட்டால், பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத தொண்டை அப்படித்தான்.

பக்கத்து மனை பெங்களூர்க்காரர் ஒருவருடையது. ஒரு மூலையில் தகரக் கொட்டகை. நடுவில், தார்ப்பாய் போர்த்தி, கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி ஏதோ கிடந்தது. தண்ணீர்த் தொட்டி என்றுதான் ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். அக்கா என்று கூப்பிட்ட அந்த ஆள் அங்கே வாட்ச்மேனாக வந்து தார்ப்பாயை உருவிய பிறகுதான் தெரிந்தது, அது மோட்டார் படகு. குளித்தால் முதுகு நனையத் தண்ணீர் கிடைக்காத இடத்தில் படகு!

"இத வெச்சுக்கிட்டு என்னா பண்ணப் போற? தார் ரோட்டுல ஓட்டப் போறியா?" என்று கேட்டேன்.

"நான்தான்க்கா இதுக்கு டிரைவர். இந்தப் பக்கத்து ஏரில பதினெட்டு வருஷம் ஓட்டினேன். ஆகாயத்தாமரை மண்டி ஏரியே பச்சையா மூடிப்போச்சு, படகெல்லாம் ஏலம் உட்டாங்க. நம்ம மொதலாளி இத எடுத்தாரு, ஓட்டல் கட்டி கொளத்துல உடலாம்னு. அந்த ஏலத்துல சேத்தே என்னையும் எடுத்துட்டு வந்துட்டாரு" என்று சொல்லி, சிரிக்காமல் நின்றார்.

ஓட்டலும் வரவில்லை, குளமும் வரவில்லை. படகுக்குக் காவலாக அதன் டிரைவர்.

அவர் அந்தப் படகைச் சுரண்ட ஆரம்பித்தார். உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பழைய பெயிண்டை எடுத்தார். விரிசல் விட்ட இடமெல்லாம் பைபர் துணியை ஒட்டி, பசை மாதிரி ஒன்றைப் பூசினார். அந்த நாற்றம் என் சமையலறை வரைக்கும் வரும். ஒரு நாள் சுவர் ஓரமாக வந்து, "அக்கா, தமிழ் படிப்பீங்களா?" என்றார். அவருக்குக் கன்னட எழுத்து மட்டும்தான் தெரியுமாம். எனக்கு இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. பக்கத்து மனைக்குள் போய், படகுக்குள் எட்டிப் பார்த்தேன். டிரைவர் இருக்கைக்கு முன்னால் மங்கலாகச் சிவப்பு எழுத்து. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். எ... ழு... ந்து... நிற்... கா... தீர்.

"எழுந்து நிற்காதீர்னு போட்டிருக்கு."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அது படகோட பேரு இல்லியா?"

"பேரா?"

"ஏதோ சாமி பேருன்னு இருந்தேன்க்கா. ஆயுத பூஜைக்கெல்லாம் அந்த எழுத்துக்குத்தான் சந்தனம், குங்குமம் வெச்சேன். பதினெட்டு வருஷம்."

நான் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போய்விட்டது. அவர் மட்டும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதுப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார். "இருக்கட்டும், குங்குமம் வெச்ச எடம்" என்றார்.

படகு ஆகிவிட்டது, மோட்டார்தான் ஆகவில்லை. அதைத் தனியாகக் கழற்றி ஒரு கனத்த பலகையில் பூட்டி நிறுத்தியிருந்தார். எத்தனையோ வருஷம் மழையில் கிடந்ததில் பிஸ்டன் துருவேறி, உள்ளே சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். மேல்மூடியைத் திறந்து டீசலை ஊற்றி ஊற வைப்பார். தினமும் காலை, மரக்கட்டை ஒன்றை வைத்து அதன் மேல் சுத்தியலால் தட்டுவார். பத்துத் தட்டு. பதினொன்றாவது தட்டு நான் கேட்டதில்லை. "ஜாஸ்தி தட்டினா ஒடஞ்சி போவும்" என்பார். பத்து முடிந்ததும் துணியைப் போட்டு மூடிவிடுவார். பிஸ்டன் ஒரு நூல்கூட இறங்கியிருக்காது.

கம்பெனி பஸ்கள் போய், பாத்திரம் துலக்கி, துணி அலசி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக அந்தப் பத்துத் தட்டு கேட்கும். நானும் கூடவே எண்ணுவேன். எண்ணி முடித்ததும் சுவரோரம் போவேன்.

"என்னாப்பா, ஆகுதா?"

"ஆகலக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு எனக்குத் தொண்டை கட்டுவதில்லை.

மதியம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு படகில் ஏறுவார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, நேராக முன்னால் பார்த்தபடி களியைத் தின்பார். முன்னால் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுச் சுவர். நான் சமையலறை ஜன்னல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வேன். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் சாப்பிட்டோம்.

ஒரு தரம் என் மிக்ஸி நின்றுபோனது. மகனிடம் சொன்னால் வேறு வாங்கலாம் என்பான். எனக்கு அதே மிக்ஸிதான் வேண்டும். கொண்டுபோய்ச் சுவர் மேல் வைத்து, "இது ஆகுதா பாரு" என்றேன். அடியில் திறந்து மோந்து பார்த்தார். "ஆகலக்கா" என்றார். இப்போதுதானே கொடுத்தேன், அதற்குள் எப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் மிக்ஸியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் நாள் மிக்ஸி சுவர் மேல் இருந்தது. இன்றைக்கும் அதில்தான் சட்னி அரைக்கிறேன்.

பொறுமைக்காரர் என்று எனக்குள் வைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை என்கிறாரே தவிர, ஆகாது என்று ஒரு நாளாவது அந்த வாயில் வந்ததா? மகனிடமும் சொல்லியிருக்கிறேன், "நம்பிக்கைன்னா அந்த ஆள்கிட்டதான் கத்துக்கணும்" என்று.

ஐப்பசியில் பெங்களூர் முதலாளி காரில் வந்தார். மனையைச் சுற்றி நடந்தார், போனார். அன்றைக்குப் பத்துத் தட்டு கேட்கவே இல்லை. நானே போய்க் கேட்டேன். தை முடிந்ததும் பூமி பூஜையாம், ஐ.டி. பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டப் போகிறார்களாம். கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். படகு ஓடினால் நீயே எடுத்துக்கொண்டு போ, ஓடாவிட்டால் உடைத்துப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டாராம்.

"ஓடினா எங்க எடுத்துக்கிட்டுப் போவ?"

கிருஷ்ணகிரி டேமில் மீன் குத்தகை எடுத்த ஒருவரை அவருக்குத் தெரியும். வலைக்குக் காவல் சுற்ற மோட்டார் படகு வேண்டுமாம். படகோடு வந்தால் வேலையும் உண்டு, கரையில் ஒரு ரூமும் உண்டு. படகு இல்லாமல் வருகிற கிழவனை என்ன செய்ய என்றாராம்.

"உன் மக பெங்களூர்ல இருக்கான்னியே, அங்க போவலாமில்ல?"

"ஒந்து ரூமு, ஒந்து கிச்சன். அவங்களே நாலு பேரு" என்று மட்டும் சொன்னார்.

ஆக, அந்தப் பிஸ்டன் இறங்கினால் அவருக்குத் தலைக்கு மேல் கூரை. இறங்காவிட்டால் தெரு. எனக்கோ, இறங்கினாலும் அவர் போய்விடுவார், இறங்காவிட்டாலும் போய்விடுவார். அதை நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். நினைத்துவிட்டு, மறுநாளும் போய் "ஆகுதா?" என்று கேட்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகள் வீட்டில் இருந்தாள். அவள் ஓசூர்க்காரி; பிறந்த வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். துணி காயப்போட்டுக்கொண்டே நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். நான் உள்ளே வந்ததும் சிரித்தாள்.

"ஏன் அத்தே அவர அப்படிப் படுத்துறீங்க? அவருதான் ஆகாதுன்றாரே?"

"எப்போ ஆகாதுன்னாரு? ஆகலன்னாரு. இன்னும் ஆகலன்னு."

"அய்யோ, அது தமிழ் ஆகல இல்ல அத்தே. கன்னட ஆகல்ல. ஆகல்லன்னா நடக்காது, முடியாதுன்னு அர்த்தம். இன்னும் ஆகலன்னா ஆகில்லன்னு சொல்வாங்க. நீங்க கேக்குறீங்களே ஆகுதா, அதுவே அவங்களுக்கு ஆகுத்தா. முடியுமான்னு அர்த்தம்."

எனக்குத் தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்துவிட்டேன். ஒன்றை உரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

சித்திரையிலிருந்து மார்கழி. அத்தனை நாளும் அந்த மனுஷன் என் முகத்துக்கு நேராக, முடியாது முடியாது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் மறுபடியும் சுத்தியலை எடுத்திருக்கிறார். மிக்ஸியையும் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். நம்பிக்கைக்காரர் என்று நான் மகனிடம் சொன்ன ஆளுக்கு நம்பிக்கையே கிடையாது.

மறுநாள் சுவரோரம் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? முடியாது என்கிறவனிடம் போய் முடியுமா முடியுமா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். பத்துத் தட்டு கேட்டது. உள்ளேயே இருந்து எண்ணினேன். அடுத்த நாள் ஆறு தட்டு. அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார், எங்கள் சுவரைப் பார்த்தபடி. சாப்பாட்டுத் தட்டும் இல்லை.

அந்தச் சுவரில் என் தலை தெரிய வேண்டிய இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது பட்டது.

நான்காம் நாள் பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். எங்கள் கிணற்றில் ஆயில் இன்ஜின் இருந்தது. பனிக்காலத்தில் பிடிவாதம் பிடித்தால் அதன் தலையில் கொதிநீரை ஊற்றித்தான் கிளப்புவோம். குண்டானைச் சீலைத் தலைப்பில் பிடித்துத் தூக்கிப் போய்ச் சுவர் மேல் வைத்தேன்.

இந்தத் தடவை மருமகள் சொன்ன மாதிரியே கேட்டேன். "ஆகுத்தா?"

அவர் தலையைத் தூக்கினார். "ஆகல்லக்கா" என்றார். சரியாகக் கேட்டால், அந்த இன்னொரு 'ல்' அதில் இருக்கத்தான் செய்தது. இத்தனை மாசம் என் காதுதான் அதை விழுங்கியிருக்கிறது.

"சரி, ஆகல்ல. இந்தத் தண்ணிய அந்த சிலிண்டரச் சுத்தி ஊத்து. உள்ள போகாம வெளிய ஊத்து. சூடு ஏறுன கையோட தட்டு. நாளைக்கு வரேன்."

"ஆகல்லக்கா..."

"கேட்டுச்சுப்பா. ஊத்து."

ஊற்றினார். தட்டினார். பத்து. நாளுக்கு ஒரு குண்டான். கேஸ் சீக்கிரம் தீர்கிறதே என்று மகன் கேட்டான். "வெந்நீர்ல குளிக்கிறேன், பனிக்காலம்" என்றேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ஏழாவது தட்டில் சத்தம் மாறியது. அதுவரை கல்லில் தட்டுகிற சத்தம். அது மரத்தில் தட்டுகிற மாதிரி விழுந்தது. எட்டாவது தட்டு வரவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினார். அவ்வளவு இறங்கியிருக்கிறது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பிஸ்டனை வெளியே எடுத்தார், கார்புரேட்டரைக் கழுவினார். தண்ணீர் இழுக்கிற சின்ன ரப்பர் சக்கரம் இற்றுப்போயிருந்தது. தொழிற்பேட்டையில் ரப்பர் வார்க்கிற பட்டறைக்கு மூன்று தரம் நடந்து அதே மாதிரி ஒன்று செய்து வாங்கி வந்தார். பொங்கல் கழிந்த ஒரு காலையில், "அக்கா, ஒந்து டிரம் நீரு" என்று வந்து நின்றார். மோட்டாரின் கால் தண்ணீரில் நிற்காமல் ஓட்டினால் சூட்டில் செத்துவிடுமாம். டேங்கர் வரவில்லை. நான் துணி அலசின தண்ணீரைச் செடிக்கென்று பிடித்து வைத்திருந்தேன். வாளி வாளியாக அதைச் சுவர் வழியாகக் கொடுத்தேன்.

கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி. இருமிற்று. எத்தனை தரம் இழுத்தாரோ, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்னைப் பார்க்கவே இல்லை. வாய் மட்டும் முணுமுணுத்தது, ஆகல்ல, ஆகல்ல, என்று. அப்புறம் ஓர் இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கச் சத்தம். நீலப் புகை. டிரம்முக்குள் விசிறி சுற்றச் சுற்ற, துணி சோப்பு எல்லாம் நுரையாகப் பொங்கி, டிரம் விளிம்பைத் தாண்டி, அவர் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் வருகிற நாளில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குமே, அந்த மாதிரி.

"ஏனக்கா இது, சோப்பு நீரா?" என்று கத்தினார்.

"நீ ஏரித் தண்ணின்னா சொன்ன? தண்ணின்னுதானே கேட்ட!" என்று நானும் கத்தினேன்.

அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லை. நுரைக்குள் நின்றுகொண்டு, "ஆயித்து! ஆயித்துக்கா!" என்றார். அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மோட்டாரை நிறுத்திய பிறகு, காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் தினா ஆகல்ல ஆகல்லன்னு சொன்னேன். நீங்க ஒத்துக்கவே இல்ல. மறுநாளே வந்து, ஆகுத்தான்னு நிப்பீங்க. இந்தம்மா உடாதுன்னு பயந்துகிட்டே பத்து தட்டு தட்டிடுவேன். உங்களுக்கு எங்கிருந்துக்கா அவ்ளோ நம்பிக்கை?"

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாங்க நெலத்துல வேல வாங்கினவங்க" என்றேன். மகனுக்குத் தெரியாது, மருமகளுக்குப் பாதிதான் தெரியும். முழுதாக இங்கேதான் சொல்கிறேன்.

இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி ஹாஸ்டல் நிற்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் யாருடைய ஜீன்ஸோ காய்கிறது. காலையில் பாத்திரம் துலக்கி முடித்ததும் கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது. பத்து எண்ணிவிட்டுத்தான் மறுவேலை. மருமகள் வந்து கேட்கும்போது தொண்டை மறுபடியும் கட்டியிருக்கிறது.

அந்தத் தை கடைசியில்தான் டெம்போ வந்தது. நாலு பேர் சேர்ந்து படகைத் தூக்கி வைத்தார்கள். அவருடைய சாமான் ஒரு டிரங்குப்பெட்டி, பக்கெட்டு, ஒரு மூட்டை. எல்லாவற்றையும் படகுக்குள் போட்டு, மோட்டாரைச் சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டெம்போக்காரர் முன்னால் கூப்பிட்டும் கேட்காமல், படகின் டிரைவர் இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். டெம்போ நகர்ந்தது. எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வண்டி தெரியவில்லை. சுவரின் மேல் விளிம்பில் படகு மட்டும் போகிறது, அவரை வைத்துக்கொண்டு.

கேட் பக்கம் வந்து வண்டி திரும்புவதற்காக நின்றது. அவர் என்னைப் பார்த்ததும் எழப் போனார்.

"எழுந்து நிக்காத! எழுதி இருக்கில்ல?" என்றேன்.

உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"மறுபடி இந்தப் பக்கம் வர ஆகுத்தா?"

அவர் கொஞ்ச நேரம் மோட்டாரைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆகல்லக்கா" என்றார்.

மருமகள் சொல்லிக் கொடுத்த கன்னடம் எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் அந்த ஒரு தடவை, அதை எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்டுக்கொண்டேன்.

"ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். "மெதுவா ஆகட்டும்."